ஃப்ளாட்டோ: ஒரு பெயரின் சரித்திரம்

பெயரகராதியில் ஃப்ளாட்டோ என்ற தலைப்பின் கீழ் ஓர் ஊர், ஒரு கோபுரம், ஒரு தெரு, இரண்டு ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர்கள், ஒரு நாடகாசிரியர் வரிசையாக நிற்கிறார்கள். தற்செயல் போலத் தோன்றும். இவர்களைச் சேர்த்துவைத்ததில் அரசாங்கப் பதிவேட்டுக்கும் பங்குண்டு.

ஃப்ளாட்டோ மேற்குப் பிரஷ்யாவின் சிற்றூர். 1945-க்குப் பின் போலந்தைச் சேர்ந்தது. பிரஷ்யா 1812-இல் யூதர்களைப் பிரஜைகளாக ஏற்றபோது, நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அதுவரை பலருக்குத் தகப்பன் பெயரே போதுமாயிருந்தது. பதிவேட்டுக்காகப் பலர் சொந்த ஊரின் பெயரையே எழுதிக் கொடுத்தார்கள். ராஜகுடும்பத்துக்கோ ஃப்ளாட்டோ ஒரு பண்ணை. அந்த வருமானத்தில் பாட்ஸ்டாமில் 1856-இல் எழுந்து முடிந்த கோபுரத்துக்கும் அதே பெயர்.

ஆல்ஃபிரட் ஃப்ளாட்டோ 1869-இல் டான்ஸிகில் பிறந்தவர். சித்தப்பா பெரியப்பா உறவில் சகோதரரான குஸ்டாவ் ஃபெலிக்ஸ் 1875-இல் பெரெண்டில். இருவரும் பிறந்தது பெயர் சொல்லும் ஊரில் அல்ல. 1896-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஜெர்மனிக்காகக் குழுப்போட்டிகள் இரண்டில் வென்றார்கள். ஆல்ஃபிரட் இணைக்கம்பியில் தனியாகவும் முதலிடம் பெற்றார்.

1933-இல் குஸ்டாவ் ஹாலந்துக்குப் போனார். 1938 ஆகஸ்ட் ஆணை, யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும் பெண்கள் 'ஸாரா' என்றும் பெயரோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னது. 1812-இல் உள்ளே வரப் பெயர் கேட்டார்கள். இப்போது வெளியே தள்ளப் பெயர் கொடுத்தார்கள். இரண்டு முறையும் எழுதியவர் ஒரு குமாஸ்தாதான். நானும் பேரேட்டில் பெயர் எழுதிப் பிழைப்பவன். அந்தக் கையெழுத்து எவ்வளவு சுத்தமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆல்ஃபிரட் 1942 டிசம்பரிலும் குஸ்டாவ் 1945 ஜனவரியிலும் தெரெஸியன்ஸ்டாட்டில் பட்டினியால் இறந்தார்கள். மகாராணி மரியா தெரேஸாவின் பெயர் வைத்த கோட்டை நகரம் அது. ஊரின் பெயரைச் சுமந்தவர்கள், ஒருத்தியின் பெயரைச் சுமந்த ஊரில் முடிந்தார்கள்.

குர்ட் ஃப்ளாட்டோ (1920–2011) பெர்லின் மேடைக்கு நகைச்சுவை நாடகங்கள் எழுதினார். பெயர் மறுபடி சுவரொட்டியில் வந்தது. 1997-இல் பெர்லின் ஒலிம்பிக் அரங்கின் அருகே, நாஜிக் காலப் பெயர் தாங்கிய தெரு 'ஃப்ளாட்டோ அல்லே' ஆயிற்று. நல்ல காரியம். ஆனால் ஊரிலிருந்து மனிதனுக்கு வந்த பெயர், மனிதனிடமிருந்து மறுபடி இடத்துக்கே போய்விட்டது. முகவரி எழுதுகிறவருக்கு அது வெறும் தெரு. அகராதியில் 'காண்க' என்று போட்டு நகர்கிற இடத்தில், இரண்டு சாவுகள் இருக்கின்றன.