பயிற்சிச் சாலையில் யாருக்கு இடம்?

பெங்களூரில் கே.ஆர். சதுக்கத்தை அடுத்து இருக்கும் ஸ்ரீ ஜயசாமராஜேந்திர பாலிடெக்னிக்கை நம்மவர் பலரும் எஸ்.ஜே.பி. என்ற மூன்றெழுத்தாலேயே அறிவர். 1943-ஆம் ஆண்டில் அது தொழிற்பயிற்சி நிலையமாகத் தோன்றியபோது, அதன் நோக்கம் பட்டதாரிகளைப் பெருக்குவதன்று; கைத்தொழில் அறிந்த இளைஞர்களை உருவாக்குவதே. மைசூரின் முன்னாள் திவான் விசுவேசுவரய்யா, பத்ராவதி இரும்பாலையை நிர்வகித்த காலத்திற்குத் தமக்குச் சேரவேண்டியிருந்த பெருந்தொகையைத் தாம் பெற்றுக்கொள்ளாமல், இளைஞர் தொழில் பயில ஒரு நிலையம் காணுமாறு கூறிவிட்டார் என்பர் அவர் வரலாற்றை எழுதியோர். நிலையத்திற்குத் தம் பெயரைச் சூட்டவும் அவர் இசையவில்லையாம். அரசர் பெயரே நிலைத்தது.

பயிற்சி நிலையத்தின் வரலாற்றைப் பேசுவோர் கட்டடத்தையும் இயந்திரத்தையும் பற்றி மிகுதியாகப் பேசுவர். செலவு யாருடையது என்று கேட்பவர் சிலரே. பிற மாநிலத்தில் குடியேறி வாழும் நமக்கோ இக்கேள்வியே முதன்மையானது. ஏனெனில், பணம் கொடுப்பவர் யாரோ அவரே இடத்துக்கும் விதி வகுக்கிறார்.

போர்க்காலத்தில் அப்பணம் டில்லியிலிருந்து வந்தது. 1940 டிசம்பரில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் அரசும் சேர்ந்து பெங்களூரில் விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினர். பிட்டரும் டர்னரும் வெல்டரும் எங்கே கிடைப்பர் என்று நாடெங்கும் தேடிய நாட்கள் அவை. மத்திய அரசு பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்தது. 1941 முதல் இந்தியத் தொழிலாளர் சிலரை இங்கிலாந்தின் ஆலைகளுக்கே அனுப்பிப் பழக்கினர். அந்நாட்டுத் தொழிலமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெயரால் அவர்கள் ‘பெவின் பையன்கள்’ எனப்பட்டனர். போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், படைவீடு துறந்து வருவோருக்கு வாழ்வளிக்க மறுகுடியமர்வு, வேலைவாய்ப்பு இயக்குநரகம் தோன்றியது. பிரிவினைக்குப் பின் அகதிகளுக்கும் அதன் கதவு திறந்தது. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டமாக விரிந்து, நாட்டின் இளைஞர் யாவருக்கும் உரியதாயிற்று. இன்று நாம் ஐ.டி.ஐ. என்று வழங்கும் நிலையங்களின் பிறப்பு இதுவே.

1956-ஆம் ஆண்டை இங்கே சற்று நின்று நோக்குதல் வேண்டும். மொழிவழியாக மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பெற்றது அவ்வாண்டில்தான். சிவராவ் குழுவின் பரிந்துரைப்படி, பயிற்சி நிலையங்களின் நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு மாறியதும் அவ்வாண்டில்தான். செலவில் நூற்றுக்கு அறுபது பங்கை மத்திய அரசும் நாற்பது பங்கை மாநிலமும் ஏற்றன. 1969 ஏப்ரல் முதல் நாளன்று அந்தப் பங்கீடும் மறைந்து, நிதிப்பொறுப்பு மாநிலங்களையே சேர்ந்தது. மாநிலம் தன் பணத்தில் நடத்தும் நிலையத்தில் தன் மக்களை முதலில் அமர்த்துவதைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், எல்லை கடந்து வந்த குடும்பத்தின் பிள்ளை, மனுவில் ‘எம்மாநிலத்தவர்’ என்ற கட்டத்தை நிரப்பும்போது தயங்கி நிற்கிறான்.

இத்தயக்கம் பட்டியல் சாதியினருக்கு இரட்டிப்பாகும். ஒரு மாநிலத்தில் பட்டியலில் இடம்பெற்றவர், பிற மாநிலத்தில் குடியேறிய பின் அங்கு அம்மாநில அரசின் ஒதுக்கீட்டைக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-இல் தீர்ப்பளித்தது. ஆதிதிராவிடர் என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் உண்டு. கர்நாடகப் பட்டியலிலும் உண்டு. பெயர் ஒன்றாயினும் உரிமை உடன் வருவதில்லை. தந்தை பின்னாளில் குடிபெயர்ந்தவராயின், இங்கேயே பிறந்த பிள்ளைக்கும் தந்தையின் மாநிலமே கணக்கு. சட்டத்தின் நியாயம் எதுவாயினும், ஒரே தெருவில் ஒரே வறுமையில் வாழும் இரு வீட்டாரை இது இருவேறு வரிசையில் நிறுத்துகிறது. இது நமக்கு நெருடலாகவே படுகிறது.

மற்றொரு வழியும் உண்டு. டெலிபோன் ஆலை 1948-இலும், எச்.எம்.டி. 1953-இலும், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954-இலும் இந்நகரில் எழுந்தன. இவை மத்திய அரசின் நிறுவனங்கள். 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம், குறிப்பிட்ட விகிதத்தில் பயிற்சியாளரைச் சேர்த்து உதவித்தொகை தருவதை ஆலைகளின் கடமையாக்கியது. (அப்ரண்டிஸ் என்பதை மொழிபெயர்ப்பாளராகிய நாம் ‘தொழிற்பழகுநர்’ என்று எழுதுகிறோம், ஆலை வாயிலில் அதைச் சொன்னால் காவலர் விழிப்பார்.) 2016-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி அவ்வுதவித்தொகையில் கால்பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்க முன்வந்தது.

மாநிலமும் வாளாவிருக்கவில்லை. கர்நாடகத்தில் 150 ஐ.டி.ஐ.கள் தனியார் துறையின் பெருந்துணையோடு ஏறத்தாழ 4,700 கோடி ரூபாய்ச் செலவில் புதுப்பிக்கப்பெற்று, 2022 ஜூனில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன.

இடம் மாநிலத்தோடு நின்றாலும், தேசியக் கவுன்சிலின் தொழிற்சான்றிதழ் அவ்வாறு நிற்பதில்லை. வேலூரில் பயின்ற பிட்டர் அச்சான்றிதழைக் கையில் ஏந்திப் பெங்களூர் ஆலைக்கு மனுச்செய்யலாம். பெங்களூரில் பயின்றவர் கோயம்புத்தூருக்கும் செல்லலாம்.