தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்ட செயலாளர்

இறையியல் கல்வி பெற விண்ணப்பிக்கும் இளைஞர், தாம் பெற்ற அழைப்பைக் குறித்து ஒரு பக்கம் எழுதித் தரவேண்டும் என்பது நம்மிடையே நெடுநாள் வழக்கம். அப்பக்கங்களைப் பல ஆண்டுகளாக வாசித்து வந்துள்ளோம். கனவு கண்டவர் உண்டு; நோய்ப்படுக்கையினின்று எழுந்தவர் உண்டு; தாயின் பொருத்தனையைச் சுமந்து வருபவர் மிகப் பலர். இவற்றுள் எதையும் நாம் இகழ்வதற்கில்லை. ஆனால், எழுத ஒன்றுமில்லாமல் வெற்றுத்தாளை முன்வைத்துக்கொண்டு, தனக்கு அழைப்பே இல்லையோ என்று கலங்கும் மாணவனும் ஆண்டுதோறும் ஒருவனாவது வருகிறான். அவனை மனத்திற்கொண்டே, வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கையில் 1902 முதல் 1909 வரையுள்ள ஆண்டுகளைச் சற்று நிதானமாக நோக்க விரும்புகிறோம்.

அசரியாவின் வரலாற்றை நாம் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கி வாசித்துப் பழகிவிட்டோம். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் என்னும் சிறப்பை முதலில் நிறுத்திவிட்டு, அதன் ஒளியில் வெள்ளாளன்விளையில் 1874ஆம் ஆண்டு பிறந்த குழந்தையைப் பார்க்கிறோம். அப்படிப் பார்க்கும்போது எல்லாமே முன்குறிக்கப்பட்ட நேர்வழியாகத் தோன்றும். அந்நாளில் அவருக்கு அவ்வாறு தோன்றியிருக்க முடியாது. தந்தையார் வேதநாயகம் இந்து சமயத்தினின்று வந்து குருவானவராகப் பணியாற்றியவர்; மகன் பதினைந்து வயதை எட்டுமுன்னரே மறைந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்ற மகன் பட்டம் பெறாமலே வெளியேறினார். (கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1920இல் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது என்பதைத் தேர்வில் தவறிய நம் மாணவர்க்கு ஆறுதலாகச் சொல்லி வைக்கிறோம்.) 1895இல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் செயலாளராகச் சேர்ந்து, தென்னாட்டு ஊர்கள்தோறும் பயணம் செய்து பேசினார். நல்ல பணி, பலர் மதித்த பணி. அதில் அவர் இறுதிவரை இருந்திருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்.

1902இல் அவர் யாழ்ப்பாணம் சென்றார். உபதேசிக்கச் சென்ற இடத்தில் அவரே பாடம் கற்றார். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவத் தமிழர் தங்கள் சொந்தப் பணத்தில் மிஷனெரி சங்கம் ஒன்றை அமைத்து, கடலுக்கு இப்பால் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பி வந்தனர். திருநெல்வேலிச் சபையோ அதற்குள் நூறாண்டைக் கடந்திருந்தது. ஆயிரமாயிரம் குடும்பங்களைக் கொண்டிருந்தது. சிறிய சபை பெரிய சபையின் வாசலுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருக்க, பெரிய சபை வெளிநாட்டாரின் கையையே பார்த்திருந்தது. இதைக் கண்ட அசரியா வெட்கமுற்றார். இங்கு தரிசனம் எதுவுமில்லை, வானத்துக் குரலும் இல்லை. தாம் ஏற்கெனவே உயர்வாகக் கருதிய ஒன்று, அதாவது வாங்கும் சபை கொடுக்கும் சபையாக வேண்டும் என்பது, தம் சொந்த ஊரில் மெய்யாகவில்லை என்னும் கூச்சமே அவரை அசைத்தது. அழைப்பைப் பற்றிய நம் பாடங்களில் வெட்கத்திற்கு இடமளிப்பதில்லை. அளித்தல் நலம் என்றே நாம் எண்ணுகிறோம்.

1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் நிறுவப்பட்டது. இந்தியரின் பணம், இந்தியரின் ஆட்கள், இந்தியரின் நிர்வாகம் என்பதே அதன் அடிப்படை. இக்கொள்கையை இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அன்று அதன் பொருள் என்னவெனில், பனையேறியும் கூலிவேலை செய்தும் பிழைத்த குடும்பங்கள் வீட்டு உலையில் இடும் அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனியே எடுத்து வைக்கவேண்டும் என்பதேயாம். சங்கம் தேர்ந்துகொண்ட பணித்தளமும் எளிதானதன்று. நிஜாம் ஆட்சிக்குட்பட்ட ஐதராபாத் நாட்டில், தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதி அது. செயலாளராகிய அசரியா ஊர் ஊராகச் சென்று பணம் கேட்டார், ஆட்களையும் கேட்டார். 1905 கிறிஸ்துமஸ் நாளன்று செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தோன்றியபோது அதன் பொறுப்பும் அவர்மேல் விழுந்தது. 1907இல் டோக்கியோ மாநாட்டிற்குச் சென்று திரும்பினார்.

இவ்விடத்தில்தான் நம் மாணவன் சற்று நிற்கவேண்டும். இரண்டு சங்கங்களின் செயலாளர், உலக மாநாட்டிற்குச் சென்று வந்த பேச்சாளர், மனைவி மக்களையுடைய இல்லறத்தார். அத்தகைய ஒருவர் மேடையில் நின்று, பிற வீட்டுப் பிள்ளைகளைத் தொலைநாட்டுக்குப் போகும்படி அழைக்கிறார். போகவேண்டியதன் தேவையை அவரைவிட நன்கு அறிந்தவர் இல்லை. அப்படியானால் அவர் ஏன் போகவில்லை? இக்கேள்வியைப் பிறர் எழுப்பினரோ இல்லையோ, அவர் தம்மையே கேட்டுக்கொண்டார் என்பதற்கு அவர் செயலே சான்று. 1909இல், முப்பத்தைந்தை எட்டும் வயதில், குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல்லுக்குப் புறப்பட்டார். தம் பேச்சின் கடனைத் தாமே தீர்க்கச் சென்றார் எனலாம். வாழ்க்கையின் நோக்கம் முதலில் விளங்கி, அதற்கேற்ப நெறிகள் பின்னர் அமைந்தன என்பதன்று அவர் வரலாறு. பிறர்க்குச் சொன்னதைத் தாம் செய்யாதிருக்க இயலாத நேர்மை அவரிடம் முன்பே இருந்தது. அது சென்று நின்ற இடத்தின் பெயர் தோர்ணக்கல்.

அந்நேர்மைக்கு வேறொரு முகமும் உண்டு. 1910இல் எடின்பரோ மாநாட்டில், மிஷனெரிகள் இந்திய ஊழியரோடு நட்புறவின்றிப் பழகுவதை அவர் வெளிப்படையாகச் சுட்டிக்காட்டினார். அவையினர் பலருக்கு அது கசந்தது. அவரைப் பேராயராக்கும் எண்ணத்தைச் சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் முன்வைத்தபோது, மிஷனெரிகளிடமிருந்து மட்டுமன்றி நம்மவரிடமிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. அதில் சாதிப் பிணக்கும் கலந்திருந்தது. மாணவப் பருவத்திலேயே சபைக்குள் சாதி வேற்றுமையை எதிர்த்து நின்றவருக்கு இது எத்தகைய வேதனையாயிருந்திருக்கும்! இதை மறைத்து எழுதுவது வரலாறாகாது. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அருட்பொழிவு பெற்றார்.

அவர் கொண்ட நெறி முற்றும் வென்றது என்றும் நாம் எழுதமாட்டோம். பிற்காலத்தில் தோர்ணக்கல் திருமண்டலம் விரிந்தபோது, வெளிநாட்டு மிஷன்களின் பகுதிகள் அதனோடு இணைந்தன. அவற்றோடு வெளிநாட்டுப் பணமும் ஆட்களும் வந்தனர். சொந்தக் கையால் கட்டும் சபை என்னும் அவர் விருப்பம் பாதி வழியில் நின்றது என்பாரும் உளர். அதற்கு அவர் கண்ட மறுமொழி நிர்வாக ஏற்பாடு அன்று. மாலா, மாதிகா மக்கள் நிறைந்திருந்த ஏழைச் சபைகளிலும் காணிக்கை படைக்கும் வழக்கத்தை வற்புறுத்தினார். உழைக்கும் ஏழையிடம் கொடு என்று கேட்பது கொடுமையன்றோ எனச் சிலர் வினவினர். கொடுக்க ஒன்றுமில்லாதவன் என்று ஒருவனைக் கருதுவதே அவனுக்குச் செய்யும் பெரிய அவமதிப்பு என்னும் கருத்தே அவர் நடைமுறையில் தெரிகிறது.

அவர் காலத்தில் அங்கு ஒரு வழக்கம் இருந்தது. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் தமக்கு ஐயோ என்று பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய பொருளைத் தம் வாயாலேயே சொல்லவேண்டும். பேராயர் அவர்களுக்காகச் சொல்லவில்லை, குருவானவரும் சொல்லவில்லை. அவ்வாறு தலைமேல் வைக்கப்பட்ட கைகளுள் பெரும்பாலானவை எழுதுகோல் பிடித்து அறியாதவை.