எங்கோ ஓடும் புரோகிராம், இங்கே தெரியும் சன்னல்!

1983-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் 'அதீனா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கணினிகளைக் கொடுத்தவை ஐ.பி.எம்., டிஜிட்டல் என்ற இரண்டு நிறுவனங்கள். சிக்கலும் அங்கேதான். இரண்டும் வேறு வேறு ரகம். மாணவர் எந்தக் கணினி முன் உட்கார்ந்தாலும் வேலை நடக்க வேண்டுமே!

அதே எம்.ஐ.டி.யில் இருந்த பாப் ஷீஃப்லருக்கும் ஒரு சன்னல் மென்பொருள் தேவைப்பட்டது. ஸ்டான்ஃபோர்டில் பிறந்த 'டபிள்யூ'வை எடுத்தார். அது ஒவ்வொரு கட்டளைக்கும் பதில் வரும்வரை காத்துக்கிடக்கும். அந்தக் காத்திருப்பை நீக்கினார், வேகம் கூடியது. டபிள்யூவுக்கு அடுத்த எழுத்து எக்ஸ், அதுவே பெயராயிற்று. 1984 ஜூனில் அறிவிப்பு வந்தது. அதீனாவின் ஜிம் கெட்டிஸ் கைகொடுத்தார். 1987 செப்டம்பரில் வெளிவந்த எக்ஸ் 11, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு வந்ததால் பிறகு லினக்ஸுக்கும் எளிதில் போய்ச் சேர்ந்தது.

இதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. எக்ஸில் 'சர்வர்' என்பது நம் முன்னால் இருப்பது! திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றையும் அது காக்கிறது. தூரத்தில் ஓடும் புரோகிராம்தான் கிளையன்ட். "இங்கே கோடு போடு, இதை எழுது" என்று அது கேட்க, சர்வர் வரைந்து காட்டுகிறது.

ஆனால் கதவு திறந்தே கிடந்தது. தகவல்கள் மறைகுறியாக்கம் இல்லாமல் போயின. அனுமதி பெற்ற ஒரு புரோகிராம், மற்ற சன்னல்களில் தட்டும் எழுத்துகளையும் கவனிக்க முடிந்தது. 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் கடவுச்சொற்கள் திருடுபோயின. அதைப் பார்த்த டாட்டு இலோனென் எழுதியதுதான் எஸ்.எஸ்.ஹெச். எக்ஸ் சன்னல்களும் அதன் பாதுகாப்பான குழாய் வழியே வரத் தொடங்கின. வழியில் ஒட்டுக்கேட்பது நின்றது; ஆனால் நம்பத்தகாத புரோகிராமை உள்ளே விட்டால் ஆபத்து அப்படியே இருந்தது.

தூரம் கூடினால் எக்ஸ் தள்ளாடும். கேள்வியும் பதிலுமாகப் பல தடவை போய்வர வேண்டியிருப்பதே காரணம். கேம்பிரிட்ஜின் ஆலிவெட்டி ஆய்வகத்தில் பிறந்த வி.என்.சி. வேறு வழி பிடித்தது: திரையைப் படமாகவே அனுப்பிவிடு!

2008-ல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்டில் புரோகிராம்கள் தாமே வரைந்துகொள்கின்றன. ஒன்றின் எழுத்துகளை இன்னொன்று ஒட்டுக்கேட்க முடியாது. ஆனால் தூரத்துச் சன்னல் என்ற வசதி அதன் அடிப்படையில் இல்லை. பாதுகாப்புக்காகப் பழைய வீட்டை விட்டு வந்தவர்கள், அதன் வாசலைத் தேடினார்கள். 2019-ல் 'வேபைப்' என்ற கருவி வந்து அந்த வாசலைத் திரும்பத் திறந்தது.

வீடு மாறலாம், அதீனா மாணவரின் தேவை மாறவில்லை.