கோழியின் காலில் ஒரு கடன்சொல்

லேக் கார்டன்ஸ் கடைத்தெருவில் கூண்டுக்குள் நெருங்கி நிற்கும் பிராய்லர் கோழிகளை நாள்தோறும் கடந்து செல்கிறேன். இறகு வெள்ளை, கால் மஞ்சள். இவ்விரு நிறங்களின் பின்னும் நீண்டதொரு வரலாறு உண்டு. அதன் ஓர் அத்தியாயம் இந்நகரத்தில் எழுதப்பட்டது.

1841 முதல் 1862 வரை கல்கத்தா ஆசியக் கழக அருங்காட்சியகத்தின் காப்பாளராக இருந்தவர் எட்வர்டு பிளைத். 1855இல் அவர் டார்வினுக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். வீட்டுக்கோழி இனங்கள் யாவும் சிவப்புக் காட்டுக்கோழியின் வழிவந்தவை என்பது அவர் கருத்து.

டார்வின் அக்கருத்தை ஏற்றதோடு நில்லாமல் தாமே கலப்புச் சோதனைகளும் செய்தார். கரிய ஸ்பானியச் சேவலையும் வெள்ளைச் சில்க்கிப் பெட்டைகளையும் சேர்த்தபோது கரிய குஞ்சுகள் பிறந்தன. அவற்றுள் ஒரு சேவல் வளர்ந்ததும் காட்டுச்சேவலின் செந்நிறம் அதன் இறகுகளில் வெளிப்பட்டது. 1868இல் வெளிவந்த தம் நூலில் இதை மூதாதையின் சாயல் மீள்வதாக விளக்கினார். வெள்ளை இறகு அடியிலுள்ள நிற அமைப்பை மறைக்கும் திரை என்பதும், கலப்பில் அத்திரை விலகக்கூடும் என்பதும், 1900இல் மெண்டலின் விதிகள் மீண்டும் கண்டறியப்பட்ட பின்னரே தெளிவாயின.

தென்னிந்தியாவின் சாம்பல்நிறக் காட்டுக்கோழியை டார்வின் மூதாதையர் வரிசையில் சேர்க்கவில்லை. கழுத்திறகுகளின் அமைப்பு, குரல், கலப்பினங்களின் குன்றிய இனவிருத்தி ஆகியன அவர் காட்டிய காரணங்கள்.

இறகு தந்த சான்றில் பிழையில்லை. ஆனால் இன்னொரு சான்று காலில் இருந்தது. தீவனத்திலுள்ள கரோட்டினாய்டு நிறமியைச் சிதைக்கும் நொதி தோலில் குறைந்தால், அந்நிறமி தங்கித் தோல் மஞ்சளாகிறது. அதற்குக் காரணமான மரபணு வடிவம் சாம்பல்நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று 2008இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கூவும் அதே கோழி!

மொழியியல் பயின்றவளுக்கு இது புதிய செய்தியன்று. ‘சாவி’ போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல். அதனால் தமிழ் திராவிட மொழி அல்லாமல் போய்விடவில்லை. திராவிட மொழி என்பதால் அந்தக் கடன் இல்லையென்றும் ஆகிவிடவில்லை. வேர் வேறு, வரவு வேறு. ஒன்றை நிறுவ மற்றொன்றை மறுக்க வேண்டியதில்லை. தூய்மை பேசும் நம் விவாதங்கள் மறந்துவிடும் இப்பாடத்தை, கூண்டுக்குள் நிற்கும் கோழி தன் காலில் சுமந்துகொண்டிருக்கிறது.