எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்றவர்கள்: அமெரிக்கச் சிறார் காற்பந்தில் பெற்றோர் நிர்வாகிகள்



காற்பந்தின் வரலாறு பெரும்பாலும் கோல் அடித்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அடுத்த நிலையில் பயிற்றுநர்களும் அரிதாகச் சில நடுவர்களும் இடம்பெறுவர். ஆனால், பத்து வயதுச் சிறுவர்கள் பதினைந்து பேர் சனிக்கிழமைக் காலையில் ஒரு திடலில் கூடி விளையாட வேண்டுமாயின், அதற்கு முன்பே யாரோ ஒருவர் திடலுக்கு அனுமதி பெற்றிருக்க வேண்டும். பெயர்களைப் பதிவு செய்திருக்க வேண்டும். கட்டணம் வசூலித்திருக்க வேண்டும். சீருடையின் அளவைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். மழை வந்தால் ஆட்டம் இல்லை என்பதை அத்தனை வீடுகளுக்கும் தெரிவித்திருக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் ஊதியம் பெறாத ஒரு தாயாகவோ தந்தையாகவோ இருக்கிறார். வெற்றிக் கோப்பையோடு எடுக்கப்படும் படத்திலும் அவர் இருப்பதில்லை. படம் எடுப்பவரே அவர்தாம்.

இத்தகைய பெற்றோர் நிர்வாகிகளின் வரலாற்றை அறிய அமெரிக்கா மிகவும் ஏற்ற களமாகும். அங்கே சிறார் காற்பந்தின் பெரும்பகுதியை அரசோ பள்ளியோ தாங்கவில்லை, குடும்பங்களே தாங்கின. பெற்றோர் தொண்டூழியம் எதைச் சாதிக்க வல்லது, எங்கே தடுமாறுகிறது என்ற இரண்டையும் அந்நாட்டின் அனுபவம் நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

பெயரும் பொருளும்

முதலில் ‘மேனேஜர்’ என்ற சொல்லைப் பார்ப்போம். இங்கிலாந்துக் காற்பந்தில் அது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, ஆட்ட உத்தியை வகுக்கும் தலைமைப் பயிற்றுநரைக் குறிக்கும். அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்திலும் அவ்வாறே. 1939-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரில், கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் தம் உறவினரின் மகன்களை மனத்திற்கொண்டு மூன்று குழுக்களுடன் ‘லிட்டில் லீக்’ சிறார் பேஸ்பால் அமைப்பைத் தொடங்கினார். அவ்வமைப்பில் திடலில் குழுவை நடத்துபவரே ‘மேனேஜர்’. தொலைபேசியில் செய்தி சொல்வதும், சிற்றுண்டிக்கு ஏற்பாடு செய்வதும், சீருடையைக் கவனிப்பதுமான வேலைகளைச் செய்த பெண்மணிக்கோ ‘குழுத்தாய்’ என்னும் பொருள்படும் பெயரே வழங்கியது. ஆண் செய்த வேலைக்குப் பதவிப்பெயர். பெண் செய்த வேலைக்கு உறவுப்பெயர். அந்த அமைப்பில் 1974-ஆம் ஆண்டு வரை சிறுமியர் விளையாட அனுமதியில்லை என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

அமெரிக்கச் சிறார் காற்பந்தில் திடலில் நிற்பவர் ‘கோச்’ எனப்பட்டார். அதனால் ‘மேனேஜர்’ என்னும் சொல், திடலுக்கு வெளியே நடைபெறும் பணிகளைக் கவனிக்கும் பெற்றோருக்கு உரியதாயிற்று. உறவுப்பெயரால் வழங்கிய ஒரு பணி பதவிப்பெயரைப் பெற்றது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். பெயரில்லாத பணியை எவரும் கணக்கில் கொள்வதில்லை என்பதை அறிந்தவர்களுக்கு அது சிறியதன்று.

டோரன்ஸ் நகரின் ஒன்பது குழுக்கள்

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் காற்பந்து என்பது பெரும்பாலும் குடியேறிய ஐரோப்பியரும் இலத்தீன் அமெரிக்கரும் தத்தம் சங்கங்களில் ஆடிய ஆட்டமாகவே இருந்தது. அந்நிலையில், 1964-ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்தின் டோரன்ஸ் நகரில், ஹான்ஸ் ஸ்டியர்லே உள்ளிட்ட சில காற்பந்து ஆர்வலர்கள் ‘அமெரிக்க இளையோர் காற்பந்து அமைப்பை’த் தோற்றுவித்தனர். முதற்பருவத்தில் இருந்தவை ஒன்பது குழுக்களே. ‘எல்லாரும் விளையாடுவர்’ என்பதே அவ்வமைப்பின் தலையாய கொள்கை. திறமை எத்தகையதாயினும், பதிந்துகொண்ட ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரமாவது திடலில் இருக்க வேண்டும் என விதி செய்தனர். குழுக்களின் பலம் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு பருவத்திலும் பிள்ளைகளைப் புதிதாகப் பிரித்துக் குழுக்களை அமைத்தனர்.

இவ்விரு விதிகளும் பிள்ளைகளுக்காக இயற்றப்பட்டவை. ஆனால், அவை பெற்றோரின் பங்கையும் நிர்ணயித்தன. குழு ஆண்டுதோறும் மாறுவதால், ஆண்டுதோறும் ஒன்றையொன்று அறியாத குடும்பங்கள் புதிதாகக் கூடுகின்றன. அவற்றை ஒன்றாக இணைக்க ஒருவர் வேண்டும். யார் எந்தப் பகுதி ஆட்டத்தில் ஆடினார் என்பதை எழுத்தில் பதிய வேண்டியிருப்பதால், ஆட்டக்காரர் பட்டியல் பிழையின்றி இருக்க வேண்டும். ஓர் உயர்ந்த கொள்கை நடைமுறைக்கு வரும்போது, அது ஒரு தாளாகவும் ஒரு பேனாவாகவும், அவற்றைப் பிடித்திருக்கும் ஒரு மனிதராகவும் உருமாறுகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

இன்னொன்றும் நிகழ்ந்தது. அக்காலத்து அமெரிக்கப் பெற்றோரில் பலர் சிறு வயதில் காற்பந்து ஆடியவர்கள் அல்லர். ‘ஆஃப்சைடு’ விதிகூட அவர்களுக்குப் புதிது. ஆட்டம் தெரியாதவர் பயிற்றுநராவதற்குத் தயங்கலாம். நிர்வாகியாவதற்கோ ஒழுங்கும் பொறுமையும் இருந்தால் போதும். ஆகவே, ஆட்டத்தை அறியாதவர்களையும் ஆட்டத்திற்குள் கொண்டுவந்த வாயிலாக இப்பணி விளங்கியது. 1971-ஆம் ஆண்டில் இவ்வமைப்பு சிறுமியருக்கான பிரிவையும் தொடங்கியது. 1974-ஆம் ஆண்டில் தோன்றிய மற்றொரு தேசிய அமைப்பான ‘அமெரிக்க இளையோர் காற்பந்துச் சங்கம்’ தொடக்கத்தில் ஏறத்தாழ 1 இலட்சம் ஆட்டக்காரர்களைப் பதிவு செய்திருந்தது. பின்னாளில் அத்தொகை 30 இலட்சத்தைக் கடந்தது. 1975-ஆம் ஆண்டில் பெலே நியூயார்க் காஸ்மாஸ் குழுவில் இணைந்தமை பிள்ளைகளின் ஆர்வத்தைத் தூண்டியது உண்மையே. எனினும், தூண்டப்பட்ட ஆர்வத்தைத் திடல் வரை ஏற்றிச் சென்றவை பெற்றோரின் வாகனங்களே.

தொலைபேசியும் ஆரஞ்சுச் சுளையும்

கைப்பேசி இல்லாத அக்காலத்தில் ஒரு நிர்வாகியின் முதன்மையான கருவி, தட்டச்சு செய்து நகலெடுத்த ஒற்றைத் தாள். அதில் பதினைந்து குடும்பங்களின் தொலைபேசி எண்கள் இருக்கும். முதல்வர் இருவரை அழைக்க, அவ்விருவரும் ஆளுக்கு இருவரை அழைக்க, கால் மணி நேரத்தில் செய்தி எல்லா வீடுகளையும் எட்டிவிடும். இடைவேளைக்கு ஆரஞ்சுச் சுளை கொண்டுவரும் முறை யாருக்கு, எந்தப் பிள்ளைக்கு எந்த உணவு ஒவ்வாது, யாரை யார் வாகனத்தில் ஏற்றிச் செல்வது, பிள்ளைக்கு அடிபட்டால் மருத்துவம் பார்க்கப் பெற்றோர் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவம் எங்கே என்பனவெல்லாம் அவருடைய கோப்பில் இருக்கும்.

இவற்றோடு பணமும் அவர் கையில் சேர்ந்தது. ‘காற்பந்துத் தாய்’ என்று பொருள்படும் ‘சாக்கர் மாம்’ என்ற தொடர் அமெரிக்க நாளேடுகளில் மிகத் தொடக்கத்தில் இடம்பெற்ற செய்திகளுள் ஒன்று, 1982-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லட்லோ நகரில், அன்னையர் திரட்டிய ஆதரவு நிதியின் பணம் களவுபோனது தொடர்பான வழக்குச் செய்தியே ஆகும். தொண்டு என்பதால் கணக்கு வேண்டாம் என்று எண்ணுவது எத்துணைப் பிழை என்பதற்கு அதுவே போதுமான பாடம்.

1995-ஆம் ஆண்டில் சூசன் கேசி என்பவர், நகர மன்றத்திற்கு ஒரு காற்பந்துத் தாய் என்னும் முழக்கத்தோடு டென்வர் நகர மன்றத் தேர்தலில் நின்று வென்றார். மறு ஆண்டு, 1996-இல் நடந்த அதிபர் தேர்தலில் அத்தொடர் நாடெங்கும் பரவியது. அமெரிக்க வட்டார வழக்குக் கழகம் அதனை ஒட்டியே அவ்வாண்டின் சொல்லைத் தேர்ந்தெடுத்தது. ஆனால், அரசியலார் கண்டது வாக்காளரை மட்டுமே. பிள்ளைகளை ஏற்றியிறக்கும் வாகனமோட்டியாக அந்தத் தாய் சித்திரிக்கப்பட்டார். ஓர் அமைப்பின் முதுகெலும்பாகத் திகழ்ந்த நிர்வாகியாக அவரைக் கண்டவர் சிலரே.

சட்டம் நுழைந்தது

நல்லெண்ணத்தோடு உதவ வந்தவர்மீதே வழக்குத் தொடரப்பட்டால் என்னாகும்? நியூஜெர்சி மாநிலத்தில் 1980-களின் தொடக்கத்தில், பந்து பட்டுக் காயமுற்ற ஒரு சிறுவனின் குடும்பத்தார் தொண்டூழியப் பயிற்றுநர்கள்மீது வழக்குத் தொடுத்தனர். அதனால் எழுந்த அச்சத்தின் விளைவாக, 1986-ஆம் ஆண்டில் அம்மாநிலம் தொண்டூழியப் பயிற்றுநர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் சட்டப் பாதுகாப்பு அளித்தது. 1997-ஆம் ஆண்டில் தொண்டூழியர் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது.

பாதுகாப்பு தொண்டூழியருக்கு மட்டும் போதுமா? பிள்ளைகளுக்கும் வேண்டாமா? இவ்வினாவும் உடன் எழுந்தது. பிள்ளைகளை அணுகும் பெரியவர்களின் பின்னணியை ஆராய்வது படிப்படியாக வழக்கமாயிற்று. 2009-ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலம், தலையில் அடிபட்ட பிள்ளையை மருத்துவ அனுமதியின்றித் திடலுக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்றும், மூளை அதிர்ச்சி குறித்த தகவல் தாளில் பெற்றோர் ஆண்டுதோறும் கையொப்பமிட வேண்டும் என்றும் சட்டம் இயற்றியது. 2015-ஆம் ஆண்டில், 10 வயதிற்கு உட்பட்டோர் பந்தைத் தலையால் முட்டுவதை அமெரிக்கக் காற்பந்துச் சம்மேளனம் தடை செய்தது. 2018-ஆம் ஆண்டில் கையொப்பமான கூட்டரசுச் சட்டம், சிறார் துன்புறுத்தல் குறித்த ஐயத்தை 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கடமையை விளையாட்டு அமைப்புகளின் பெரியவர்களுக்கு விதித்தது.

ஒவ்வொரு சட்டமும் நியாயமானதே. ஆயினும், ஒவ்வொரு சட்டமும் நிர்வாகியின் கோப்பில் மேலும் ஒரு தாளைச் சேர்த்தது. ஆரஞ்சுச் சுளையோடு தொடங்கிய பணி, பிள்ளைகளின் நலனுக்குப் பொறுப்பேற்கும் பணியாக வளர்ந்துவிட்டது.

ஓரத்தில் எழுந்த கூச்சல்

பெற்றோர் வந்தனர், அவர்களோடு பெற்றோரின் ஆவேசமும் வந்தது. 1999-ஆம் ஆண்டு அக்டோபரில், ஒகையோ மாநிலத்தின் வடபகுதியில் இயங்கிய சிறுமியர் காற்பந்து லீக் ஒன்று, ‘மௌன ஞாயிறு’ ஒன்றை நடத்தியது. அன்று பெற்றோரும் பயிற்றுநரும் திடலோரத்தில் குரல் எழுப்பக்கூடாது. அது வேடிக்கையான முயற்சி என்று சிலர் நகைத்திருக்கலாம். ஆனால், மறு ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ரீடிங் நகரில், பிள்ளைகளின் பனிச்சறுக்கு ஹாக்கிப் பயிற்சியின்போது இரண்டு தந்தையரிடையே மூண்ட சண்டையில் ஒருவர் உயிரிழந்தார். மற்றவர் 2002-ஆம் ஆண்டில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறை சென்றார். பிள்ளைகளின் விளையாட்டு பெரியவர்களின் மானப்பிரச்சினையாக மாறும்போது என்ன நேரும் என்பதை நாடே அறிந்து அதிர்ந்தது.

இங்கேதான் நிர்வாகியின் நுட்பமான பணி வெளிப்படுகிறது. “என் மகனை ஏன் இறக்கவில்லை?” என்று கொதிக்கும் தந்தைக்கும், ஆட்டத்தைக் கவனிக்க வேண்டிய பயிற்றுநருக்கும் இடையில் நிற்பவர் அவரே. அவரும் ஒரு பெற்றோர் என்பதால், மற்ற பெற்றோர் அவரிடம் மனம் விட்டுப் பேசுவர். அதே காரணத்தால், தம் பிள்ளைக்குச் சலுகை தேடுகிறார் என்ற பழியும் அவர்மீது எளிதில் விழும். ஊதியமில்லாத ஒருவருக்கு இருக்கக்கூடிய ஒரே மூலதனம் நடுநிலைமை. அதை இழந்தால் அவரிடம் வேறொன்றும் மிஞ்சுவதில்லை.

வர இயலாத பெற்றோர்

இதுவரை கூறியவை, ஓய்வு நேரமும் வாகனமும் உள்ள பெற்றோரின் வரலாறு. அவை இல்லாத பிள்ளைகளின் நிலை என்ன?

ஜோர்ஜியா மாநிலத்தின் கிளார்க்ஸ்டன் நகரில், ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த அகதிக் குடும்பங்கள் பல குடியமர்த்தப்பட்டன. 2004-ஆம் ஆண்டில், ஜோர்தானில் பிறந்த லூமா முஃப்லே என்னும் பெண்மணி அவர்களுடைய பிள்ளைகளுக்காக ‘ஃபியூஜீஸ்’ என்ற காற்பந்துக் குழுவைத் தொடங்கினார். பெற்றோரில் பலர் நேரங்கெட்ட வேலைமுறையில் உழைத்தவர்கள், ஆங்கிலம் அறியாதவர்கள், வாகனம் இல்லாதவர்கள். அவர்கள் திடலுக்கு வராததற்குக் காரணம் அக்கறையின்மை அன்று, வாழ்க்கை. எனவே, மற்ற குழுக்களில் பத்துப் பெற்றோர் பகிர்ந்துகொண்ட வேலையை முஃப்லேயும் ஓரிரு தொண்டூழியர்களும் சுமக்க நேர்ந்தது. பாட உதவி வகுப்பு, பயணம், வீட்டுக்கு வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லுதல் என எல்லாமே அவர்களுடைய பொறுப்பாயின. 2006-ஆம் ஆண்டில் நகரப் பூங்காவில் காற்பந்து ஆடுவதற்கு நகரத் தலைவர் எதிர்ப்புத் தெரிவித்தபோது, திடலுக்காகப் போராட வேண்டியதும் அவர்களுக்கே வந்து சேர்ந்தது. 2007-ஆம் ஆண்டில் வாரன் செயின்ட் ஜான் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டில் எழுதிய கட்டுரையாலும், 2009-இல் வெளிவந்த அவருடைய நூலாலும் இக்குழுவின் கதையை உலகம் அறிந்தது.

பெற்றோர் தொண்டூழியத்தையே தூணாகக் கொண்ட அமைப்பில் உள்ள குறையும் இதுவே. பெற்றோர்க்கு நேரம் உள்ள இடத்தில் குழு செழிக்கும். நேரமற்ற இடத்தில் பிள்ளையின் திறமை திடலையே காணாமல் போகும்.

நமக்குரிய பாடம்

மலேசியத் தமிழ்ப்பள்ளிச் சூழலில் இருக்கும் நமக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. நம்மிடம் பெற்றோர் ஆசிரியர் சங்கம் உண்டு. ஆனால் குறைந்த மாணவர்களைக் கொண்ட பள்ளிகளில், பயிற்றுநராகவும் நிர்வாகியாகவும் வாகனமோட்டியாகவும் முதலுதவியாளராகவும் ஒரே ஆசிரியர் நிற்க நேர்வதை நாம் அறிவோம். மறுபுறம், இரவு வேலை முடித்துவரும் தந்தையைப் பார்த்து “உங்களுக்கு அக்கறையில்லை” என்று சொல்லிவிடுவதும் எளிதாக இருக்கிறது.

அமெரிக்க அனுபவத்திலிருந்து நாம் மூன்றைக் கற்கலாம். முதலாவது, பணிக்குப் பெயர் கொடுங்கள். ‘உதவிக்கு வரும் அம்மா’ என்பதை விடுத்துக் ‘குழு நிர்வாகி’ என்று அழைத்துப் பாருங்கள், பொறுப்பும் மதிப்பும் தாமே வரும். இரண்டாவது, பணியைப் பிரித்துக் கொடுங்கள். பணம், பயணம், உணவு, படிவம் ஆகியவற்றை நால்வர் ஏற்றால் ஒருவர் சோர்ந்து விலகமாட்டார். கணக்கும் தெளிவாக இருக்கும். மூன்றாவது, வர இயலாத பெற்றோரின் பிள்ளைக்கும் வாகனத்தில் ஓர் இடத்தை ஒதுக்கி வையுங்கள்.

‘எல்லாரும் விளையாடுவர்’ என்று 1964-இல் ஒன்பது குழுக்களுக்கு வகுக்கப்பட்ட விதி, பிள்ளைகளை மட்டும் கருதி எழுதப்பட்டது. எல்லாப் பிள்ளைகளும் விளையாட வேண்டுமாயின், பெரியவர்களுள் ஒருவராவது விளையாடாமல் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்றாக வேண்டும். அவ்வாறு நிற்பவரை இனியேனும் நாம் பெயர் சொல்லி அழைப்போம்.