கைக்குழந்தை உள்ள வீட்டில் மருந்துப் பெட்டி: எவை வேண்டும், எவை வேண்டாம்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் ஒரு சிறிய மருந்துப் பெட்டி இருப்பது நல்லது. அதில் இருக்க வேண்டியவை மிகச் சிலவே. இருக்கக் கூடாததைப் பற்றி முதலில் கூற வேண்டியுள்ளது.

இருமல், சளி சிரப்புகள் வேண்டாம்

2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா உள்ளிட்ட பகுதிகளில் 'கோல்ட்ரிப்' என்னும் இருமல் மருந்து கொடுக்கப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தனர். அம்மருந்து நமது காஞ்சிபுரம் மாவட்டத்தின் சுங்குவார்சத்திரத்தில் தயாரிக்கப்பட்டதாகும். எஸ்.ஆர்.-13 என்ற தொகுதியைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அக்டோபர் தொடக்கத்தில் பரிசோதித்தபோது, டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 விழுக்காடு மட்டுமே. அந்நச்சு இனிப்புச் சுவையுடையது. நிறத்தாலோ மணத்தாலோ எந்தத் தாயாலும் அதனைக் கண்டறிய இயலாது. மருந்தின் விற்பனை தடை செய்யப்பட்டது. நிறுவனத்தின் உரிமமும் ரத்து செய்யப்பட்டது.

கலப்படமற்ற சிரப்பும் சிறு குழந்தைகளுக்குப் பயன் தருவதில்லை. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளை அளிக்கக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்றும் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் அம்மாதமே அறிவுறுத்தியது. சாதாரணச் சளி தானே குணமாகும். மூக்கடைப்புக்கு உப்புநீர் மூக்குச் சொட்டு மருந்து போதும். மூச்சு வேகமாக வாங்கினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லவும். கற்பூரம் கலந்த எண்ணெயைக் கைக்குழந்தையின் மூக்கிலும் மார்பிலும் தடவும் வழக்கம் நம் ஊரில் இன்றும் உள்ளது. கற்பூரம் வலிப்பை உண்டாக்கக்கூடியது, அருள்கூர்ந்து தவிர்க்கவும்.

இருக்க வேண்டியவை

பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், துத்தநாக மாத்திரை, வெப்பமானி, மி.லி. குறியிட்ட ஊசியில்லா சிரிஞ்சு.

பாராசிட்டமாலில்தான் பிழை மிகுதி. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி.; ஆறு மணி நேர இடைவெளி; நாளொன்றுக்கு நான்கு வேளைக்கு மேல் கூடாது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 150 மி.கி. தேவை. ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தில் அது 1.5 மி.லி.; 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்பில் 6 மி.லி.; 250 மி.கி. உள்ளதில் 3 மி.லி. சிரப் என்று எண்ணிச் சொட்டு மருந்தை ஒரு தேக்கரண்டி கொடுத்தால், மூன்று மடங்குக்கு மேல் உள்ளே சென்றுவிடும். எனவே புட்டியின் மீதுள்ள அளவைப் படித்த பின்னரே கொடுக்கவும். சமையலறைக் கரண்டியால் அளக்க வேண்டாம். மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டு மருந்து எதுவும் கூடாது, மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் தாங்களாகக் கொடுக்கக் கூடாது.

வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலத்தை முழுவதுமாக, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் கரைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தவும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கடைகளில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு மாற்றாகா. துத்தநாக மாத்திரை ஆறு மாதத்திற்கு மேல் நாளொன்றுக்கு 20 மி.கி., இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மி.கி.; வயிற்றுப்போக்கு நின்றாலும் 14 நாட்கள் கொடுக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ்., துத்தநாகம் இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும்.

வைக்கும் இடம்

தறியும் சமையலும் உறக்கமும் ஒரே கூடத்தில் நடக்கும் வீடுகளில், பெட்டியைத் தறிக்குழியருகிலோ அடுப்பருகிலோ வைக்காமல், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைக்கவும். பட்டு நூலுக்கான சோடா, அமிலம், சாயம் ஆகியவற்றைக் குளிர்பானப் புட்டிகளில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை எதையேனும் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழைத்து, அந்தப் புட்டியையும் உடன் எடுத்து வாருங்கள்.

எந்த மருந்து கொடுத்த பின்னரும் குழந்தை ஆறு முதல் எட்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். மருந்துப் புட்டியை எறிந்துவிடாதீர்கள். ஐயங்களுக்கு 104ஐ அழைக்கலாம்.