போரியா: பாயை உடுத்தி வந்த ஆட்டம்

பினாங்குக்கென்று ஓர் ஆட்டம் உண்டு. போரியா. முன்னால் நிற்பவர் நான்கடிப் பாட்டு ஒன்றைப் பாடுவார். அவருக்கு 'துக்காங் காராங்' என்று பெயர். பாட்டைக் கட்டுகிறவர் என்று பொருள். பின்னால் ஒரே நிறத்தில் உடுத்திய ஒரு வரிசை அதை வாங்கிப் பாடிக்கொண்டே இடமும் வலமும் அசைந்தாடும். இதற்கு முன் ஒரு சிரிப்பு நாடகமும் நடக்கும். பாட்டு, வசனம் எல்லாமே மலாய். மலாய்ப் பாரம்பரியக் கலை என்றுதான் இதை எல்லாரும் சொல்கிறார்கள். அதில் பொய்யில்லை, ஆனால் கதை பாதியில் தொடங்குகிறது.

பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். 'போரியா' மலாய்ச் சொல் அல்ல, தமிழும் அல்ல. பாரசீகம் வழியாக இந்துஸ்தானிக்கு வந்த சொல், பொருள், பாய். ஓர் ஆட்டத்துக்கு ஏன் பாயின் பெயர்? 1897-இல் ஹாட்டன் என்ற ஆங்கில அதிகாரி ராயல் ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் எழுதிய சிறு குறிப்பில் விடை இருக்கிறது. 1845-இல் மதராஸைச் சேர்ந்த 21-ஆம் படைப்பிரிவு பினாங்கில் தங்கியிருந்தது. முஹர்ரம் மாதத்தில் முஸ்லிம் சிப்பாய்களுக்கு விடுமுறை கிடைத்தது. அவர்கள் பாயால் உடை செய்து அணிந்து, குழுக்களாகப் பிரிந்து, ஹசன், ஹுசைன் நினைவாகப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். குழுக்களுக்கு நானக் ஷா, ஜோகி மஜ்னூன், போரியா என்று பெயர்கள் இருந்தன.

இந்தப் பெயர்களை நான் முன்பே வேறொரு இடத்தில் படித்திருந்தேன். ஜாபர் ஷெரீப் எழுதி, மதராஸ் அரசின் மருத்துவர் ஹெர்க்லாட்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்து, 1832-இல் லண்டனில் வெளியான 'கானூன்-ஏ-இஸ்லாம்' என்ற நூல் அது. தென்னிந்திய முஸ்லிம்களின் வாழ்க்கைச் சடங்குகளைப் பற்றிய நூல். முஹர்ரம் பத்து நாளில் வேண்டுதலுக்காகப் போடும் பக்கிரி வேஷங்களை நீளமாக வரிசைப்படுத்துகிறது: மஜ்னூன், லைலா, நானக் ஷாஹி, புலி, வைத்தியர், வழிப்போக்கர். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சந்தேகமே வராது. பினாங்கில் ஆடியது மதராஸ் ராஜதானியின் தெருவில் ஆடிய அதே வேஷக்கூட்டம்தான்.

துக்க நாளில் சிரிப்பும் வேஷமும் எப்படி என்று கேட்பவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் போய்வர வேண்டும். அங்கே முஹர்ரமுக்கு 'அல்லாசாமி பண்டிகை' என்றே பெயர். காசவளநாடு புதூரில் இந்துக்களே விரதமிருந்து, பஞ்சா எனும் கைச்சின்னத்தை எடுத்துச் சுற்றி, தீ மிதிக்கிறார்கள். முஹர்ரம் புலிவேஷம் பல ஊர்களில் நேர்த்திக்கடனாக இருந்தது. பிள்ளை பிழைத்தால் புலி கட்டுகிறேன் என்று வேண்டிக்கொள்பவனுக்கு அதில் எந்த முரணும் இல்லை.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மதராஸ் படை என்றதும் எல்லாரும் தமிழர் என்று நாம் கொண்டாடத் தொடங்கிவிடக்கூடாது. அதில் தமிழர், தெலுங்கர், தக்காணி உருது பேசியவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஆட்டத்தின் பெயரே அதற்குச் சாட்சி. ஆனால் சிப்பாய்கள் போய்விட்டார்கள், ஆட்டம் போகவில்லை. அதைத் தங்கவைத்தது ஜார்ஜ் டவுனில் வேரூன்றியிருந்த சமூகம். 1786-இல் பிரான்சிஸ் லைட் தீவில் இறங்கிய கொஞ்ச காலத்திலேயே நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால், பரங்கிப்பேட்டை என்று கடலோரத் தமிழ் முஸ்லிம்கள் வந்துவிட்டார்கள். காதர் முகைதீன் தலைமையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. சூலியா தெரு முனையில் நாகூர் தர்கா எழுந்தது. இவர்கள் மலாய்ப் பெண்களை மணந்து உண்டான தலைமுறைதான் ஜாவி பெக்கான், பிறகு ஜாவி பெரனாக்கான். வீட்டில் மலாய், கடையில் தமிழ், காதில் இந்துஸ்தானி. போரியா மலாய் பேசக் கற்றுக்கொண்டது இந்த வீடுகளில்தான்.

ஆட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. முஹர்ரம் ஊர்வலங்களின் போட்டியிலிருந்து வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்ற இரு முஸ்லிம் சங்கங்கள் வளர்ந்தன. 1867 ஏப்ரல் 1-ஆம் தேதி நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிர்வாகத்திலிருந்து பிரிந்து லண்டனின் நேரடி ஆட்சிக்குப் போயின. அதே ஆகஸ்டில் பத்து நாள் ஜார்ஜ் டவுன் பற்றி எரிந்தது. கீ ஹின் சீனச் சங்கத்தோடு வெள்ளைக் கொடி, தோ பே கோங்கோடு சிவப்புக் கொடி. இதைச் சீனர் கலவரம் என்று மட்டும் சொல்வது சரியல்ல; இரண்டு பக்கமும் எல்லாரும் கலந்தே அடித்துக்கொண்டார்கள். 1869-இல் சங்கங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. பகை குறைந்தாலும் கம்பத்துக்குக் கம்பம் போட்டி போரியாப் பாட்டில் தொடர்ந்தது.

அடுத்த எதிர்ப்பு உள்ளேயிருந்து வந்தது. 1922-இல் 'போரியாவும் அதன் கேடுகளும்' என்று பொருள்படும் மலாய் நூல் ஒன்று பினாங்கில் வெளிவந்தது. எழுதியவர் முகம்மது யூசோப் பின் சுல்தான் மைதீன். முகைதீனை மைதீன் என்று சுருக்குவது நம் கடற்கரை வழக்கம். ஆட்டத்தை வளர்த்த சமூகத்தின் பிள்ளையே அதைக் கண்டித்து மலாயில் எழுதுகிறார். ஒரு சமூகம் முழுதாக மொழி மாறிவிட்டதற்கு இதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரியாது.

இதே ஊர்வலம் வேறு கரைகளுக்கும் போயிருக்கிறது. சுமத்ராவின் பெங்கூலுவில் 'தாபோட்' ஆகவும், பாரியாமானில் 'தாபுயிக்' ஆகவும் நிற்கிறது. ட்ரினிடாடில் கரும்புத் தோட்டக் கூலிகள் 'ஹோசே' என்று எடுத்தார்கள். 1884 அக்டோபரில் சான் பெர்னாண்டோவில் ஊர்வலத்தின் மீது போலீஸ் சுட்டது, பலர் செத்தார்கள். அங்கெல்லாம் முஹர்ரம் இன்னும் முஹர்ரமாக இருக்கிறது. பினாங்கில் மட்டும் அது நாட்காட்டியிலிருந்தே கழன்றுவிட்டது. இன்று போரியா அரசு விழாவிலும் போட்டி மேடையிலும் எந்த மாதத்திலும் ஆடப்படுகிறது. பாய் உடை போய்ப் பளபளக்கும் சட்டை வந்துவிட்டது.

நாசி கண்டார் கடையில் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "அது மலாய்க்காரவங்க ஆட்டம் தம்பி, நமக்கு என்ன அதுல?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எங்க வாப்பா சின்ன வயசுல ஆடியிருக்காராம்" என்றார். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் இருப்பதைத்தான் நாம் எழுதாமல் விட்டிருக்கிறோம்.

மலேசியத் தமிழர் வரலாறு என்றால் நமக்கு ரப்பர், தோட்டம், கோயில், தமிழ்ப்பள்ளி. அதற்கு நூறு ஆண்டு முன்பே இங்கே இறங்கிய கப்பல் வணிகனும் சிப்பாயும் கைதியும் அந்தச் சட்டகத்துக்குள் வருவதில்லை. மலாய் பேசத் தொடங்கியவனை நாம் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம்; அவன் இந்தியாவிலிருந்து வந்ததை அந்தப் பக்கமும் அழுத்திச் சொல்வதில்லை. போரியாவை நமதென்று உரிமை கோர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது மலாய்க் கலையாகவே இருக்கட்டும். ஆனால் 2008-இல் ஜார்ஜ் டவுனுக்கு உலக மரபுரிமை அந்தஸ்து கிடைத்ததே இப்படிப்பட்ட கலப்புக்காகத்தான். கட்டடத்துக்குச் சுண்ணாம்பு பூசுகிற அளவுக்காவது, வாப்பா ஆடியதை நினைவில் வைத்திருப்பவர்களின் பேச்சைப் பதிவு செய்யவும் யாராவது செலவழிக்க வேண்டும். அவர்களுக்கு வயதாகிறது.